திரும்ப மாட்டேங்குதுங்கப்பா

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்தப் பக்கமே போதும். இங்கிருந்துதான் டிரைவரோட கை தெரியும்.

பாருங்க, ரோடு நேராத்தானே போகுது? அவரு ஸ்டீரிங்கை வலது பக்கமா அழுத்திப் புடிச்சுக்கிட்டே வர்றாரு. விட்டா வண்டி இடது பக்கம் போயிரும். பாவம், சாயந்திரத்துக்குள்ள தோள்பட்டை கழண்டு போகும். யாராவது குனிஞ்சு பாத்தா தீர்ந்துபோற சோலி. யாரு பாக்கறா?

எனக்கு அதுதாங்க தொழில். வீல் அலைன்மெண்ட். சுந்தராபுரத்துல பட்டறை. ஆறுச்சாமி பட்டறைன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. பஸ்ஸு, லாரி தொடறதில்லை. கார் மட்டும். அதுலயும் ஒசத்தி வண்டிங்க நெறைய வரும். ரெண்டு கதவு வெச்சு, தரையோட தரையாப் படுத்துக் கெடக்குமே, அந்த மாதிரி. வர்றவங்க எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க. "அண்ணா, வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகோணும்." பண்ணிக் குடுப்பேன். இது வரைக்கும் ஒருத்தன் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

நீங்க ஃபோனைப் பாருங்க, பரவால்லை. நான் பாட்டுக்குப் பேசிட்டு வர்றேன். பேசாம இருந்தா நெஞ்சை அடைக்குது.

என்ற பொண்ணு கார் ரேஸ் ஓட்டறவ. ஆமாங்க, பொண்ணுதான். தாரணின்னு பேரு. ஒரே பொண்ணு. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஒரு பம்ப் கம்பெனியில வேலை பாக்கறா. இருபத்தஞ்சு முடிஞ்சுருச்சு. ஒரு கஸ்டமர் தன்னோட ஜப்பான் வண்டியை எங்க பட்டறையிலயே போட்டுட்டு ஃபாரின் போயிட்டாரு. பின்சக்கரம் தள்ளற வண்டி, சின்னது, மஞ்சக் கலரு. அதை அவ கேட்டா, அவரும் சரி எடுத்துக்கன்னுட்டாரு. ரெண்டு வருசம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நானும் அவளும் அதைப் பிரிச்சு மாட்டினோம். நல்லா இருந்துச்சுங்க அந்த ரெண்டு வருசம். அவ அடியில படுத்திருப்பா, கை மட்டும் வெளிய நீளும், நான் ஸ்பானரைக் குடுப்பேன். எந்த சைஸுன்னு அவ கேக்க மாட்டா, நானும் கேக்க மாட்டேன்.

அது வண்டி செய்யற வரைக்கும். ஓட்டறது வேற இல்லீங்களா?

ஊருக்குத் தெக்கால டிராக் இருக்குதே, அங்க போன வருசம் ஒரு பையன் வண்டி குட்டிக்கரணம் போட்டுச்சு. நான் கண்ணால பாத்தேன். பையன் பொழைச்சுட்டான். ஆனா அவங்கப்பன் கம்பி வேலியைப் புடிச்சுட்டு நின்ன நெலை இருக்குதே... அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை எனக்கு. இவளை நிறுத்தியாகோணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அதே சமயத்துல காங்கேயத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சு. தேங்காயெண்ணெய் மில்லு. பையன் நவநீதன். நல்ல குணம், குடி கிடி கெடையாது, அப்பா அம்மாவும் தங்கமானவங்க. இப்படி எடம் மறுபடி அமையுமா? தாரணிகிட்டச் சொன்னேன். அவ, "இப்ப வேண்டாங்கப்பா, இந்த வருசம்தான் வண்டி ரெடியாகியிருக்குது"ன்னா. நான் விடலை. சோறு உண்ணாம உக்காந்தேன். சத்தம் போட்டேன். கடைசியில அவளேதான் சொன்னா: "சரிங்கப்பா. இந்த சீசன் நாலு ரேஸு. நாலுல ஒண்ணுலயாவது மொத மூணு எடத்துக்குள்ள வந்தா, இந்தப் பேச்சை நீங்க எடுக்கக் கூடாது. வரலைன்னா, நான் வண்டியை விட்டுடறேன். நீங்க சொல்ற பையனைக் கட்டிக்கறேன்."

அவ சொன்னது தம்பி. நான் கேக்கலை. இதை மனசுல வெச்சுக்குங்க.

இப்ப அலைன்மெண்ட்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லோணும். எளுசுதான். உங்க ரெண்டு பாதத்தைப் பாருங்க. முன்னால விரல் பக்கம் ரெண்டும் உள்ளாற பாத்தாப்பல நின்னீங்கன்னா, அதுதான் டோ-இன். வெளிப்பக்கம் பாத்தா டோ-அவுட். காரோட முன்சக்கரமும் அப்படித்தான். ஒரு நூல் அளவுதான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. உள்ளாற பாத்தா வண்டி நேராப் போகத்தான் விரும்பும், வளைவுல ஸ்டீரிங்கை ஒடிச்சாலும் மெதுவாத்தான் வரும். வெளிய பாத்தா ஒடிக்கறதுக்கு முன்னாலயே திரும்பும், துறுதுறுன்னு இருக்கும். அப்புறம் சக்கரத்தோட தலை உள்பக்கம் சாஞ்சிருக்கோணும், அது வளைவுல டயரு முழுசா ரோட்டைப் புடிக்கறதுக்கு. இவ்வளவுதாங்க என்ற தொழிலு. மீதியெல்லாம் மெசினு பாத்துக்கும்.

தாரணி தனக்கு என்ன வேணும்னு தெளிவாச் சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டா. தலை நல்லா சாயோணும், பாதம் கொஞ்சம் வெளிய பாக்கோணும். நான் வண்டியை மெசின் மேல ஏத்தினேன்.

ஏத்திட்டு, நின்னு யோசிச்சேன்.

கார் கம்பெனிக்காரன் முட்டாளா? அவன் வண்டியை வெளிய அனுப்பறப்பவே பாதத்தை உள்ளாற பாத்தாப்பலதான் வெச்சு அனுப்பறான். எதுக்கு? வளைவுல தப்புப் பண்ணினா வண்டி சுத்தி உருளக் கூடாது, நேராப் போகோணும், பயந்து காலை எடுப்பாங்க, வேகம் கொறையும், உசுரு தப்பும். பத்திரத்துக்குத்தானே? நானும் அதையேதான் பண்ணினேன். கொஞ்சம் தாராளமாவே பண்ணினேன். தலையைக் கண்ணுக்குத் தெரியற அளவுக்குச் சாய்ச்சு வெச்சேன், பாதத்தை மட்டும் உள்ளாற திருப்பினேன். முன்னால பின்னால ரெண்டுலயும். பிரேக்கைக் கழட்டினேனா? பெட்ரோல்ல தண்ணி ஊத்தினேனா? என்ற பொண்ணு வண்டியில நான் அப்படிப் பண்ணுவேனா? பத்திரமான செட்டிங் தம்பி அது.

அவ வந்தா. "ஆச்சுங்களாப்பா?"ன்னா. ஆச்சு கண்ணுன்னேன். சரிபாக்கவே இல்லை. அவ யாரு வேலை செஞ்சாலும் ரெண்டு தடவை அளந்து பாப்பா. நான் செஞ்சா பாக்க மாட்டா. அவ்வளவு நம்பிக்கை என்ற மேல. எத்தனை அப்பனுக்குக் கெடைக்கும் சொல்லுங்க?

மொத ரேஸுல ஏழாவது வந்தா. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "திரும்ப மாட்டேங்குதுங்கப்பா. முன்சக்கரம் திரும்பவே மாட்டேங்குது"ன்னா.

"நீ சீக்கிரம் ஒடிக்கறே கண்ணு. கொஞ்சம் பொறுத்து ஒடி"ன்னேன்.

ரெண்டாவது ரேஸுல பொறுத்து ஒடிச்சா. ஒம்பதாவது.

"இப்ப ரொம்ப லேட்டா ஒடிக்கறே."

என்ன பண்ணுவா, கேட்டுக்குவா. ராத்திரி அடுப்படியில உக்காந்து சோத்துத் தட்டை ஸ்டீரிங் மாதிரி ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிட்டு, ஒடிக்கறதும் திருப்பறதுமா இருப்பா. கையில எங்க தப்புன்னு தேடறா. மணிக்கட்டு சரியா வளையலையோன்னு அதுக்குத் தனியா ஒரு பயிற்சி. பாக்க எனக்கு வெசனமாத்தான் இருந்துச்சு. நானென்ன கல்லா? ஆனா இன்னும் ரெண்டே ரேஸு, அப்புறம் கல்யாணம், கொழந்தை குட்டின்னு ஆயிட்டா மறந்துரும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

என்ற வீட்டுக்காரி சுகுணா. அவளுக்குக் காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. ஒருநாள் எனக்குச் சோறு போட்டுட்டே கேக்கறா: "ஏனுங்க, கோளாறு அவ கையிலயா, உங்க கையிலயா?"

"ரசத்தை ஊத்து"ன்னேன்.

ஊத்தினா. அதுக்கப்புறம் அவ கேக்கலை. ஆனா ரசம் ஊத்தும்போதெல்லாம் ஒரு பார்வை பாப்பா.

மூணாவது ரேஸு முடிஞ்சு வண்டி வந்து நின்னுச்சு. தாரணி இறங்கலை. கதவைச் சாத்திக்கிட்டு, பெல்ட்டைக் கூடக் கழட்டாம, ஹெல்மெட்டோடயே உக்காந்திருந்தா. மத்தவங்கெல்லாம் டீ குடிக்கப் போயிட்டாங்க. நான் கண்ணாடிகிட்டப் போய் நின்னேன். முன்னால பாத்துக்கிட்டே இருந்தா. ஹெல்மெட்டுக்குள்ள அழுதா வெளிய தெரியாதுன்னு நெனைச்சிருப்பா போல. தோளு குலுங்குதே, தெரியாதா? நான் கண்ணாடியைத் தட்டினேன். "வெளிய வா கண்ணு"ன்னேன். உள்ளிருந்தே தலையை ஆட்டிட்டா, வர மாட்டேன்னு.

ரொம்ப நேரம் கழிச்சுக் கதவைத் தொறந்து, "எனக்கு ஓட்டத் தெரியலைங்கப்பா"ன்னா. "தெரியும்னு நெனைச்சுட்டு இருந்தேன்."

அப்பச் சொல்லியிருக்கலாமேன்னு உங்க மூஞ்சி கேக்குது. எப்படிங்க சொல்றது? மூணு ரேஸு போனதுக்கு அப்புறம் சொன்னா அவ என்னை என்னன்னு நெனைப்பா? மொத ரேஸுக்கு அப்புறம்னா ஏதோ அளவு மாறிப்போச்சு கண்ணுன்னு சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். நாள் போகப் போக ஒரு விசயம் இறுகிக்கும் தம்பி. துருப்புடிச்ச நட்டு மாதிரி. அப்புறம் எவ்வளவு எண்ணெய் ஊத்தினாலும் கழலாது.

பல்லடம் வந்துருச்சா? பாதி தூரம் தாண்டியாச்சு போல இருக்குதே. நல்லா வெரசா ஓட்டறாரு இவரு. இவ்வளவு வெரசு தேவையில்லை.

கடைசி ரேஸுக்கு நவநீதனை நானே கூப்பிட்டேன். ஓட்டம் முடியறதை அவனும் பாக்கட்டும், அப்படியே நாள் பேசிரலாம்னு. வந்தான். காலையில இருந்து தூத்தல். குடையைப் புடிச்சுக்கிட்டு எம் பக்கத்துல நின்னுட்டு, "கல்யாணத்துக்கு அப்புறமும் அவங்க ஓட்டட்டுங்க மாமா. எனக்கு ஒண்ணும் இல்லை. எங்க மில்லுக்குப் பின்னால ஷெட்டு கூட இருக்குது"ங்கறான். எனக்குச் சுருக்குன்னுச்சு. இவனுக்காகத்தான் நான் இவ்வளவு பாடு படறேன், இவன் என்னடான்னா ஷெட்டுக் கட்டித் தர்றானாம். வெவரம் பத்தாத பையன்.

ரேஸு ஆரம்பிச்சுது. ஈரத்துல எல்லா வண்டியும் வழுக்குது. ஒவ்வொருத்தனாச் சுத்தி வெளிய போறான். தாரணி சுத்தலை. பாத்தீங்களா, என்ற செட்டிங்! நேரா நிக்குது வண்டி. அதுமட்டுமில்லை, அந்த மூணு ரேஸுல அவ என்னமோ கத்துக்கிட்டா. திரும்பாத வண்டியைத் திருப்பறதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சு வெச்சிருந்தா. முன்னாலயே பிரேக்கை மிதிச்சு, மூக்கை அழுத்தி, பின்பக்கத்தை லேசா வீசி விட்டு... நான் முப்பது வருசமா வண்டி பாக்கறேன், அந்த மாதிரி யாரும் ஓட்டிப் பாத்ததில்லை. ஆறாவது, அஞ்சாவது, நாலாவது. கடைசிக்கு முந்தின சுத்துல மூணாவது வந்துட்டா.

நான் எந்திரிச்சுட்டேன் தம்பி. "போ கண்ணு! போ!"ன்னு கத்தறேன். பந்தயம், காங்கேயம், கல்யாணம், ஒண்ணுமே நெனப்புல இல்லை. துண்டைச் சுத்தறேன். நவநீதன் என்னைப் பாத்துச் சிரிக்கறான். அவனும் கத்தறான்.

கடைசிச் சுத்து. மெயின் ரோடு மாதிரி நீளமா ஒண்ணு வரும், அது முடியற எடத்துல இடது வளைவு. பின்னால ஒருத்தன் நெருக்கிட்டே வர்றான். அவளுக்கு முன்னாலயே பிரேக் மிதிக்க எடமில்லை. உள்ள போனா. ஒடிச்சா. முழுசா ஒடிச்சா தம்பி, சக்கரம் திரும்பினது எனக்கு அவ்வளவு தூரத்துல இருந்து தெரிஞ்சுது. வண்டி திரும்பலை. சக்கரம் ஒரு பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது, வண்டி நேராப் போகுது. நேராப் போயி, சரளைக்கல்லைத் தாண்டி, டயரை அடுக்கி வெச்சிருப்பாங்க பாருங்க சுவரு மாதிரி, அதுல வலது பக்கம் மோதி அப்படியே உள்ள சொருகிக்கிச்சு.

வலது பக்கம்தானே டிரைவரு கதவு. அது நசுங்கித் தொறக்க வரலை. இடது பக்கம் டயரு சரிஞ்சு மூடிக்கிச்சு. சிவப்புச் சட்டை போட்ட டிராக் ஆளுங்க ஓடறாங்க, கம்பியை வெச்சு நெம்பறாங்க. புகையா, ஆவியான்னு தெரியலை. உள்ள அவ இருக்கா. நான் கம்பி வேலியைப் புடிச்சுட்டு நிக்கறேன். பக்கத்துல இருந்த நவநீதனைக் காணோம். பாத்தா வேலி ஏறிக் குதிச்சு ஓடிட்டு இருக்கான், பேண்ட்டு கிழிஞ்சு தொங்குது. நான் புடிச்ச வேலியை விடலைங்க.

கடைசியில முன்கண்ணாடி வழியா எடுத்தாங்க. நடந்துதான் வந்தா. இடது மணிக்கட்டு மட்டும் தொங்குது. எல்லாரும் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடறாங்க, இவ போகலை. திரும்பி வண்டிகிட்டப் போனா. மூடியிருந்த டயரையெல்லாம் அதுக்குள்ள தள்ளிப் போட்டிருந்தாங்க. இடிபடாத இடது முன்சக்கரத்துகிட்ட, அந்தச் சேத்துல குத்தவெச்சு உக்காந்தா. நல்லா இருக்கற கையை டயரு மேல வெச்சு, உள்ளிருந்து வெளிய ஒரு தடவை தடவினா. வெளியிருந்து உள்ள ஒரு தடவை தடவினா.

பாதம் தப்பா இருந்தா டயரு ஒரு ஓரம் மட்டும் தேயும். ஒரு பக்கமாத் தடவினா வழுவழுன்னு இருக்கும், எதிர்ப்பக்கமாத் தடவினா ரம்பம் மாதிரி கீறும். அலைன்மெண்ட் பட்டறைக்காரன் பொண்ணுக்குத் தெரியாதா? ஆனா சத்தியமா அப்ப எனக்கு அது தோணலை. வலியில என்னமோ பண்றான்னுதான் நெனைச்சேன்.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, நானும் அவளும் மட்டும் இருக்கோம். சுகுணா மாத்திரை வாங்கப் போயிட்டா. தாரணி என்னை நேராப் பாத்து, "அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் மோசமா ஓட்டறேனுங்களா?"ன்னா.

நான் என்ன சொல்லட்டும்? "நீ நல்லா ஓட்டறே கண்ணு. அந்த எடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டே"ன்னேன்.

கட்டுப் போட்ட கையை மடியில எடுத்து வெச்சா. "சரிங்கப்பா. பேசினது பேசினதுதான். காங்கேயத்துல சொல்லிருங்க"ன்னா.

அவ்வளவுதான் தம்பி! அழுகை இல்லை, சண்டை இல்லை. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுங்களா? கட்டுப் பிரிச்சதும் நிச்சயதார்த்தம்னு முடிவாச்சு. வீட்டுல ஒறம்பறை, சொந்தபந்தம்னு வர்றதும் போறதுமா கலகலன்னு இருந்துச்சு. தாரணியும் முன்னைக்கு இப்ப என்ற மேல பாசமா இருந்தா. சாயந்திரமானா கட்டுப் போட்ட கையோட பட்டறைக்கு வருவா. எனக்கு எதிர்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவா. நான் வேலை செய்யறதையே பாத்துட்டு இருப்பா. கெளம்பும்போது, "ஏதாச்சும் சொல்லோணுமாங்கப்பா?"ன்னு கேப்பா. "ஒண்ணும் இல்லை கண்ணு, நீ போய்ச் சாப்பிடு"ம்பேன். தெனமும் கேப்பா. கல்யாணம் ஆகிப் போகப்போற புள்ளைக்கு அப்பன் மேல ஏக்கம் வர்றது சகஜம்தானே?

வண்டியையும் நானேதான் சரி பண்ணினேன். புதுக் கதவு போட்டு, தட்டி நிமித்தி, பெயிண்ட் அடிச்சேன். வித்துரலாம்னு ரோசனை. கட்டுப் பிரிச்ச மறுநாள் தாரணி வந்தா. "விக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை நான் கேட்ட மாதிரி அலைன்மெண்ட் பண்ணிக் குடுங்கப்பா. நான் நிக்கறப்பவே பண்ணுங்க"ன்னா.

மெசின் மேல ஏத்தினேன். இடது சக்கரம் உள்ளாற பாத்துட்டு இருக்குது, மெசினு காட்டுதில்ல. "இடிச்சதுல கலைஞ்சு போயிருக்குது"ன்னேன்.

"இடிச்சது வலது பக்கங்கப்பா"ன்னா.

நான் பாதத்தோட அளவை மாத்தற கம்பி, டை ராடு, அதைத் திருப்ப ஆரம்பிச்சேன். திருப்பறேன், திருப்பறேன், திருப்பிட்டே இருக்கேன். நிமுந்து பாத்தா அவ உதடு மட்டும் அசையுது. எத்தனை சுத்துன்னு எண்ணிட்டு இருந்தா. எண்ணி முடிச்சுட்டு வெளிய போயிட்டா.

போன ஞாயித்துக்கெழமை காலையில டிராக்குக்குப் போலாம் வாங்கன்னு கூப்பிட்டா. என்னைப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சு, பெல்ட்டு மாட்டி விட்டா. தோள்ல ரெண்டு, இடுப்புல ரெண்டு, காலுக்கு நடுவுல வர்றது ஒண்ணு. அந்த சீட்டு சின்ன ஆளுக்குச் செஞ்சது, எனக்கு ரெண்டு பக்கமும் புடிக்குது. இறுக்கி, இன்னும் இறுக்கி, "மூச்சு வருதுங்களா?"ன்னு கேட்டா. கெளப்பினா.

அந்த இடது வளைவு வந்துச்சு. நான் கண்ணை மூடிட்டேன். ஒண்ணும் ஆகலை. தொறந்து பாத்தா தாண்டிட்டோம். தண்ணி வாய்க்கால்ல திரும்பற மாதிரி, வண்டி பாட்டுக்குத் திரும்பிருச்சு. அவ கை அசைஞ்ச மாதிரியே தெரியலை. மறுபடி வந்தோம். இன்னும் வெரசா. திரும்புச்சு. மறுபடி. இன்னும் வெரசா.

"போதும் கண்ணு, நிறுத்து."

"இன்னொரு சுத்துங்கப்பா."

எத்தனை இன்னொரு சுத்துன்னு தெரியலை. பெல்ட்டைக் கழட்ட எனக்குத் தெரியும் தம்பி, எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கேன். கழட்டிட்டு எங்க போறது?

அப்புறம் அந்த வளைவுலயே கொண்டுபோயி நிறுத்தினா. எஞ்சினை அணைச்சா. சரளைக்கல்லுக்கு அக்கட்டால அந்த டயருச் சுவரு. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கோம்.

"திரும்புது பாத்தீங்களாப்பா"ன்னா. குரல்ல கோவமே இல்லை. "என்ற கையில ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்குது."

நான், "உன்ற உசுரு முக்கியம்னுதான் கண்ணு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"தெரியுங்கப்பா. அதைச் சொல்லுவீங்கன்னுதான் கட்டுப் பிரிக்கற வரைக்கும் தெனமும் வந்து கேட்டேன்."

அப்பத்தான் எனக்கு அந்த ஸ்டூலு புரிஞ்சுது. பாருங்க, நேராக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ நேராக் கேக்கலை. அது அவ தப்புத்தானே?

"நான் பேச்சு மாறலைங்கப்பா. நாம கட்டின பந்தயம் நடக்கவே இல்லை. அடுத்த சீசன் இந்த செட்டிங்ல ஓட்டறேன். நவநீதன்கிட்ட நடந்ததைச் சொல்லோணும். கேட்டதுக்கு அப்புறமும் அவருக்கு இஷ்டம்னா, சீசன் முடியட்டும், பாக்கலாம். ஆனா நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் போகோணும். நீங்களே உங்க வாயால சொல்லோணும்."

கல்யாணத்தை நிறுத்துங்கன்னு சொல்லியிருந்தாக் கூடப் பரவால்லைங்க. ஜாதகம் சரியில்லை, அவளுக்குக் கையி இன்னும் கூடலை, ஆயிரம் சொல்லலாம். நடந்ததைச் சொல்லுன்னா? அந்தப் பையன் வேலி ஏறிக் குதிச்சவன். பேண்ட்டு கிழிய ஓடினவன். அவன் மூஞ்சியைப் பாத்து, அவ உள்ள மாட்டிக்கிட்டது எதனாலன்னு நான் சொல்லோணுமாம்.

இன்னைக்குக் காலையில என்ற காரைத்தான் எடுத்தேன். சுகுணா சாவியைப் புடுங்கிட்டா. "நீங்க பாதியில திருப்பிருவீங்க"ன்னு சொல்லி, சிங்காநல்லூர் வரைக்கும் கூடவே வந்து, பஸ் ஏத்திவிட்டு, பஸ்ஸு கெளம்பற வரைக்கும் கீழயே நின்னா. இப்ப நீங்க சொல்லுங்க. நான் என்ன பொல்லாத தப்புப் பண்ணிட்டேன்? உசுரோட இருக்காளா இல்லையா? இருக்கா. கையி கூடிருச்சா? கூடிருச்சு. முன்னைவிட நல்லா ஓட்டறாளா? ஓட்டறா. அது யாரால? அந்தத் திரும்பாத வண்டியை ஓட்டி ஓட்டித்தானே கத்துக்கிட்டா? இதையெல்லாம் யாரும் பேசறதில்லை.

என்ன? உள்ளதை உள்ளபடி சொல்லிருங்கன்னு சொல்றீங்களா? உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா? இல்லையா. அப்ப உங்ககிட்டப் பேசிப் பிரயோசனம் இல்லை.

இல்லை, கோவிச்சுக்காதீங்க. இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? "மாப்ளே, வண்டியில சின்னதா ஒரு அளவு கோளாறு இருந்துருக்குது. இப்பத்தான் கண்டுபுடிச்சோம்." பொய் இல்லையே? அளவுல கோளாறுதானே? யாரு பண்ணினாங்கன்னு அவனாக் கேட்டா அப்பப் பாத்துக்கலாம். கேக்க மாட்டான், மரியாதை தெரிஞ்ச பையன். ஆனா தாரணி அப்புறம் அவன்கிட்டக் கேப்பா, அப்பா என்ன சொன்னாருன்னு. வார்த்தைக்கு வார்த்தை கேப்பா. அவதான் எல்லாத்தையும் எண்ணறவளாச்சே.

வந்துருச்சா? அதுக்குள்ளயா? இதுதான் காங்கேயம் பஸ் ஸ்டாண்டா?

இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க. அதோ பாருங்க, டீக்கடைக்குப் பக்கத்துல, வெள்ளைச் சட்டை. நவநீதன். நான் இந்த பஸ்ஸுல வர்றேன்னு இவனுக்கு யாரு சொன்னது? சுகுணாவா, தாரணியா? ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருப்பாங்க. தம்பி, கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க, என்னை மறைச்சாப்பல. அந்த சீட்டுல கெடக்கற பேப்பரை எடுத்துக் குடுங்க.

கண்டக்டர் தம்பி! இங்க பாருங்க தம்பி! இந்த பஸ்ஸு எது வரைக்கும் போகுது? கரூரா? அப்பக் கரூருக்கு ஒண்ணு குடுங்க. ஆமாங்க, காங்கேயத்துக்குத்தான் வாங்கினேன். இப்பக் கரூருக்குப் போறேன். எனக்குக் கரூருல சோலி இருக்குது. சீக்கிரம் கெளப்பச் சொல்லுங்க.

போயிட்டானா? பாத்துச் சொல்லுங்க. என்னது, ஜன்னல் ஜன்னலாப் பாத்துட்டு வர்றானா? முன்வாசல்ல ஏறிட்டானா?

சிரிக்கறான் தம்பி. என்னைப் பாத்துட்டான். பையைத் தூக்கக் கையை நீட்டிட்டு வர்றான். "வாங்க மாமா, அப்பா வீட்டுல காத்துட்டு இருக்காரு"ங்கறான்.

என்ன சொல்லட்டும்? வெரசாச் சொல்லுங்க தம்பி, வந்துட்டான். என்ன சொல்லட்டும்?